பாறைத் தீவில் களை பிடுங்குகிறோம்

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



நாங்கள் இருவரும் இந்த மண்ணில் பிறந்து வளர்ந்து, பிழைப்பின் நிமித்தம் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் போய்க் குடியேறினவர்கள். பணி ஓய்வு பெற்ற பின்பு அங்கே ஒரு பழைய தோட்டத்தைப் பராமரிக்கிற வேலைக்குச் சம்பளமில்லாத ஆட்களாகப் போய்வருகிறோம். இதைக் கேள்விப்பட்ட கூடுகைப் பொறுப்பாளர் ஐயா, அதைப் பற்றியே பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். பழைய தோட்டம் என்றதும் அரண்மனையும் நீரூற்றும் புல்தரையும் உங்கள் மனதில் வரக்கூடும். எங்களுடையது ஒரு சிறைச்சாலையின் தோட்டம். சுற்றிலும் கடல், நடுவில் ஒரு பாறை, பாறையின்மேல் தோட்டம். சிறை மூடப்பட்டு அறுபது வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. கைதிகள் நட்டவற்றில் பல இன்னும் பூக்கின்றன.

அந்தத் தீவின் பெயர் அல்கட்ராஸ். சினிமாவில் பார்த்தவர்கள் இருப்பீர்கள். சான் பிரான்சிஸ்கோ கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக தூரம். மொத்தம் 22 ஏக்கர். நம் ஊரில் ஒரு நடுத்தர விவசாயியின் தோப்பும் வயலும் சேர்ந்தால் அவ்வளவு வரும். 1775இல் அங்கே வந்த ஸ்பானியர்கள் அங்கிருந்த கடற்பறவைகளைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தார்கள். அப்போது அங்கே பறவைகள்தான் உண்டு. மரம் என்று சொல்லத்தக்கது இல்லை. மண் என்று சொல்லத்தக்கதும் இல்லை. குடிப்பதற்கு ஊற்றுத் தண்ணீரும் கிடையாது. உப்புக்காற்று ஓயாமல் வீசும். கோடைக்காலத்தில் பனிமூட்டம் வந்து மூடிக்கொள்ளும்.

அப்படியானால் தோட்டம் எப்படி வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க ராணுவம் அங்கே கோட்டை கட்டியது. பீரங்கி மேடைகளுக்காகவும், பிறகு செடி வைப்பதற்காகவும், பக்கத்திலிருக்கிற ஏஞ்சல் தீவிலிருந்து படகுகளில் மண் கொண்டுவந்து கொட்டினார்கள். நாங்கள் இன்று மண்வெட்டி போடுகிற மண்ணில் பெரும்பங்கு யாரோ ஒரு சிப்பாயோ கைதியோ முதுகில் சுமந்து ஏற்றிய மண் என்பதை முதல் நாளிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆகையால் அங்கே யாரும் மண்ணை அலட்சியமாக உதறுவதில்லை. களைச்செடியைப் பிடுங்கினால் வேரிலிருக்கிற மண்ணைத் தட்டி அந்த இடத்திலேயே விழப்பண்ணின பிறகுதான் செடியைக் கூடையில் போடவேண்டும்.

ராணுவ அதிகாரிகளின் வீட்டம்மாக்கள் வாசலில் ரோஜாவும் ஜெரேனியமும் வைத்தார்கள். பிறகு கோட்டை ராணுவச் சிறையாயிற்று. 1920களில் ராணுவக் கைதிகளைக்கொண்டு சரிவுகளில் மரக்கன்றுகள் நடப்பட்டன. பாப்பி, நாஸ்டர்ஷியம் விதைகள் தூவப்பட்டன. மண் சரிந்து கடலில் போகாமலிருக்கப் படர்கிற ஒரு செடியையும் வைத்தார்கள். வசந்த காலத்தில் அது பூக்கும்போது பாறையின் ஒரு பக்கம் முழுவதும் ரோஸ் நிறமாகிவிடும். கடலுக்கு அப்பாலிருந்தும் தெரியும்.

1934இல் மத்திய அரசு அதை எடுத்து, மற்றச் சிறைகளில் அடங்காதவர்களை அடைக்கும் இடமாக மாற்றியது. அல் கப்போன் போன்ற பேர்போன குற்றவாளிகள் அங்கே இருந்தார்கள். ஐந்தடி அகலம், ஒன்பது அடி நீளம்: அதுதான் ஓர் ஆளுக்கு அறை. ஆரம்ப வருஷங்களில் கைதிகள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவும் தடை இருந்தது. அந்த மாதிரி இடத்தில் பூச்செடிக்கு யார் தண்ணீர் ஊற்றப்போகிறார்கள்?

ஊற்றினவர் ஒரு குமாஸ்தா. சிறைத் தலைவர் ஜேம்ஸ் ஜான்ஸ்டனுடைய செயலாளராக இருந்த பிரெட் ரைக்கல் என்பவர். ராணுவம் விட்டுச்சென்ற செடிகள் காய்ந்துபோவதைப் பார்க்கப் பொறுக்காமல், அலுவலக வேலை முடிந்ததும் தாமே அவற்றைக் கவனித்தார். அது அவர் உத்தியோகத்தில் சேர்ந்த வேலை அல்ல. எந்தச் செடி உப்புக்காற்றைத் தாங்கும், எது கொஞ்சத் தண்ணீரில் பிழைக்கும் என்று செடி வளர்ப்பவர்களுக்குக் கடிதம் எழுதி விசாரித்து வரவழைத்தார். கைதிகளில் சிலரையும் தோட்டத்தில் வேலை செய்ய விடவேண்டும் என்று மேலதிகாரியிடம் மன்றாடினார். கொலை செய்தவன் கையில் மண்வெட்டியா என்று எந்த அதிகாரியும் தயங்கத்தான் செய்வார். ஆனாலும் கடைசியில் அனுமதி கிடைத்தது. எங்களைக் கேட்டால், இந்த வரலாற்றில் மிகவும் மெச்சத்தக்கவர் அவர்தான் என்போம். சினிமாக்காரர்கள் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை.

அனுமதி பெற்ற கைதிகளில் எலியட் மிச்சனர் என்று ஒருவர். கள்ள நோட்டு அடித்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர். 1940களில் பல வருஷங்கள் தீவின் மேற்குச் சரிவில் வேலை செய்தார். தோட்டக்கலை படித்தவர் அல்ல. புத்தகங்களைப் பார்த்தும் நட்டுப் பார்த்துப் பட்டறிந்தும் கற்றுக்கொண்டார். கற்களை அடுக்கி மேடைமேடையாக்கினார். வேண்டாமென்று எறிந்த பலகைகளையும் கண்ணாடிகளையும் பொறுக்கிச் சேர்த்து, கருவிகள் வைக்க ஒரு கொட்டகையும் செடி வளர்க்க ஒரு கண்ணாடிக் குடிலும் அமைத்தார். அந்தச் சரிவு சிறையின் இரைச்சலிலிருந்து தனக்கு அடைக்கலமாயிருந்தது என்றும், இந்த ஒன்றையாவது நன்றாகச் செய்யவேண்டும் என்று தீர்மானித்ததாகவும் பிற்காலத்தில் அவர் தெரிவித்திருக்கிறார். வேறொரு சிறைக்கு மாற்றப்பட்ட பிறகு, அல்கட்ராஸுக்கே திரும்ப வர ஆசைப்பட்டு அதன் தலைவருக்குக் கடிதம் எழுதினார். சகோதரரே, யாராவது அல்கட்ராஸுக்குப் போகவேண்டும் என்று விண்ணப்பம் போடுவார்களா? அவர் போட்டார், அவருடைய செடிகள் அங்கேதானே இருந்தன!

சிறைக்கூடத்திலிருந்து பட்டறைகளுக்கு வேலைக்குப் போகிற கைதிகள் அந்தச் சரிவின் பக்கமாகத்தான் இறங்கிப்போவார்கள். ஐந்தடி அறையிலிருந்து வருகிறவனுக்கு அந்த இரண்டு நிமிஷம் ஒரு நிறம் கண்ணில் படும். அவ்வளவுதான் அந்தத் தோட்டத்தின் பயன். அதற்கு மேல் நாங்கள் எதையும் கூட்டிச் சொல்ல விரும்பவில்லை. தோட்டம் வைத்ததால் அல்கட்ராஸ் நல்ல சிறையாகிவிடவில்லை. 1946 மே மாதத்தில் அங்கே நடந்த கலகத்தில் இரண்டு காவலர்களும் மூன்று கைதிகளும் செத்தார்கள்; அப்போதும் செடிகள் பூத்துக்கொண்டுதான் இருந்தன.

நடத்துகிற செலவு தாங்கமுடியாமலும் கட்டடங்கள் உப்புக்காற்றில் அரித்துப்போனதாலும் 1963 மார்ச் 21ஆம் தேதி சிறையை மூடினார்கள். 1969 நவம்பர் முதல் 1971 ஜூன் வரை பத்தொன்பது மாதம் அமெரிக்கப் பூர்வகுடி மக்கள், தங்கள் உரிமைகளுக்காக, அந்தத் தீவில் குடியேறிப் போராடினார்கள். 1970இல் நேரிட்ட தீயில் சிறைத் தலைவரின் வீடு எரிந்து சுவர் மட்டும் நின்றது. 1973இல் தேசியப் பூங்காத் துறை தீவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. ஜனங்கள் கப்பல் கப்பலாக வந்து சிறை அறையைப் பார்த்தார்கள், பூட்டைப் பார்த்தார்கள், தப்பியோடினவர்கள் குடைந்த துவாரத்தைப் பார்த்தார்கள். தோட்டம் இருந்த இடத்தில் முட்புதர்தான் இருந்தது. அதன் அடியில் ஒரு தோட்டம் கிடக்கிறது என்பது வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

நாற்பது வருஷம் யாரும் கைவைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த இடம் சாட்சி. நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் இரண்டாம் தேதிக்கு முந்தின வாரம் ஆள் வைத்துப் புல் செதுக்காவிட்டால் தாத்தாவின் கல்லறை எது, பக்கத்து வீட்டுக்காரர் தாத்தாவுடையது எது என்று தெரியாமற்போகிறது. ஒரே வருஷத்தில் அப்படி. அங்கே ஐவிக் கொடியும் பிளாக்பெர்ரி முட்செடியும் ஹனிசக்கிள் கொடியும் நாற்பது வருஷம் ஏறின. படிக்கட்டு மறைந்தது, பாதை மறைந்தது, மேடைச் சுவர்கள் வேர்களின் அழுத்தத்தில் பிதுங்கின.

ஆனால், பிரியமானவர்களே, எல்லாம் சாகவில்லை. பார்வையிட்டவர்கள் கணக்கெடுத்தபோது இருநூறுக்கு மேற்பட்ட வகைச் செடிகள் யார் கவனிப்பும் இல்லாமல் பிழைத்திருந்தன. அத்தி மரம், ரோஜா, ஜெரேனியம், ஐரிஸ், நம் ஊர் ரயில் பாதை ஓரத்தில் நிற்கிறதே அந்த ஆனைக் கற்றாழையின் இனத்தைச் சேர்ந்தவை, தரைக்குள் கிழங்காக ஒளிந்திருந்தவை. பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்தும் வந்த ஜாதிகள்; மழைக்காலத்தில் குடித்து, வறண்ட கோடையில் பொறுத்திருக்கத் தெரிந்தவை. ரைக்கல் கடிதம் எழுதி எழுதித் தெரிந்தெடுத்தது வீண்போகவில்லை.

1996இல் இந்தத் தோட்டங்களைப் பற்றி ஒரு புத்தகம் வெளிவந்தது. படங்களைப் பார்த்தவர்களுக்கு இது தோட்டமா என்கிற ஆச்சரியம் உண்டாயிற்று. 2003இல் கார்டன் கன்சர்வன்சி என்கிற அமைப்பும், கோல்டன் கேட் தேசியப் பூங்காக்களுக்கான கன்சர்வன்சியும், பூங்காத் துறையும் சேர்ந்து மீட்கும் வேலையைத் தொடங்கினார்கள். சம்பளம் வாங்குகிற தோட்டக்காரர்கள் மிகச் சிலர். மற்ற எல்லாம் தன்னார்வத் தொண்டர்களின் கை.

இனி எங்கள் வேலை எப்படி என்று சொல்கிறோம். காலையில் சுற்றுலாக் கூட்டம் வருவதற்கு முன் கிளம்புகிற படகில் ஏறவேண்டும். கால்மணி நேரத்துக்குள் தீவு வந்துவிடும். இறங்கினவுடன் ஏற்றம், எங்கள் வயதில் முழங்கால் சத்தமிடும். கொட்டகையில் கருவிகள் எடுத்துக்கொண்டு, தோட்டக்காரர் அன்றைக்குச் சொல்கிற இடத்துக்குப் போகவேண்டும். நாமாக இடம் தெரிந்துகொள்ளக் கூடாது. ஆசிரியர், தபால்காரர், என்ஜினியர், பாட்டிமார், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலதரப்பட்டவர்கள் வருவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து களை பிடுங்குகிறவர் பெரிய டாக்டராக இருந்திருப்பார். மூன்று மாதம் கழித்துத்தான் தெரியவரும். முழங்காலுக்கு ஒரு மெத்தைத் துண்டு, கையுறை, சிறு கொத்து. மதியம் வரைக்கும் அதுதான்.

பிளாக்பெர்ரி வேரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். நம் வயல்களில் கோரைக் கிழங்கு இருக்கிறதே, அதற்கு இது அண்ணன். மேலே வெட்டினால் கீழே சிரிக்கும். ஒரு விரற்கடை வேர் விட்டுவைத்தாலும் அடுத்த மழைக்குத் தளிர் காட்டும். ஆகவே கடப்பாரையால் நெம்பி முழுசாக எடுக்கவேண்டும். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. அந்த வேரோடு வேராகப் பின்னிக்கொண்டு ஒரு பழைய ஐரிஸ் கிழங்கு கிடக்கும். 1930களில் யாரோ வைத்த கிழங்கின் சந்ததி. அவசரப்பட்டால் அதுவும் கூடையோடு போய்விடும். ஒரு சதுர மீட்டர் இடத்தைச் சுத்தம் பண்ண ஒரு முழுக் காலை ஆவதுண்டு. ஆரம்ப வருஷங்களில் புதரை அகற்றி வெளிச்சம் பட்ட இடங்களில், யாரும் விதைக்காமலே பழைய பூச்செடிகள் முளைத்து வந்தன. விதைகள் அத்தனை காலமாக மண்ணுக்குள் காத்திருந்தன. முதலில் வந்த தொண்டர்கள் இதைச் சொல்லக் கேட்க எங்களுக்கு அலுப்பதே இல்லை.

வரலாற்றுத் தோட்டம் என்பதனால் கட்டுப்பாடுகளும் உண்டு. நம் இஷ்டப்படி நடமுடியாது. பழைய புகைப்படம், கடிதம், கைதிகளும் காவலர் குடும்பத்தாரும் சொன்ன நினைவுகள் ஆகியவற்றைப் பார்த்து, எந்தப் பாத்தியில் எது இருந்தது என்று தீர்மானிக்கிறார்கள். வெளியிலிருந்து கன்று கொண்டுவந்தால் நோயோ பூச்சியோ கூட வந்துவிடும் என்பதனால் சோதனை கடுமை. ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்தால் என்ன என்று எங்களுக்கு ஆசைதான். அந்த ஆசை வீட்டுத் தொட்டியோடு நிற்கிறது.

பறவைகளும் எங்களுக்கு எஜமானர்கள். பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை கடற்புறாக்களும் நீர்க்காகங்களும் அங்கே கூடு கட்டுகின்றன. தீவு முதலில் அவற்றினுடையது அல்லவா? கூடு இருக்கிற பக்கம் போகக்கூடாது என்று கயிறு கட்டிவிடுவார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் களை நம் கண்ணெதிரே வளரும்; கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கவேண்டியதுதான். கடற்புறாவின் குஞ்சுக்குப் பக்கத்தில் போனால் தாய்ப் பறவை தலையில் வந்து அடிக்கும். மற்றதும் செய்யும், ஆகையால் தொப்பி அவசியம்.

தண்ணீருக்கு மழைநீரைப் பிடித்துத் தொட்டிகளில் சேர்க்கிறார்கள். உரத்துக்கு, பிடுங்கினதையும் கவாத்து செய்ததையும் அங்கேயே குவித்து மக்க வைக்கிறார்கள். எந்தப் பொருளானாலும் படகில்தான் வரவேண்டும், படகில்தான் போகவேண்டும் என்கிறபோது, குப்பையை எறிவதற்கே காசு. ஆகவே முள்ளையும் கொடியையும் கூடையில் சுமந்து, நறுக்கி, மக்கச்செய்து, அடுத்த வருஷம் அதே பாத்திக்கு உரமாகப் போடுகிறோம். இந்த உரக்குழி வேலைக்குத்தான் எப்போதும் ஆள் குறைவு. ரோஜாப் பாத்திக்கு ஆள் நிறைய கிடைக்கும்.

ரோஜா என்றவுடன் ஒன்று சொல்லவேண்டும். 1989இல், பழைய ரோஜா வகைகளைத் தேடுகிற சிலர் தீவுக்கு வந்து, எரிந்துபோன சிறைத் தலைவர் வீட்டின் பின்புறத்தில் ஒரு கருஞ்சிவப்பு ரோஜாவைக் கண்டார்கள். குச்சி வெட்டி வளர்த்துப் பார்த்ததில் அது பார்டூ ஜோப் என்கிற வகை என்று தெரிந்தது. 1887இல் பிரான்சில் உண்டாக்கப்பட்ட வகை. ஒரு காலத்தில் வேல்ஸ் நாட்டில் பிரியமாக வளர்க்கப்பட்டு, பின்பு அங்கே இல்லாமலே போய்விட்டது. 2000ஆம் ஆண்டில் அல்கட்ராஸ் செடியின் கன்றுகள் வேல்ஸிலுள்ள செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தின் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டன. தண்ணீர் இல்லாத பாறையில், எரிந்த வீட்டுக்குப் பின்னால், யாரும் பேர் அறியாமல் நின்ற செடி!

இதையெல்லாம் ஊருக்கு வந்து சொன்னபோது, எண்பது தாண்டிய எங்கள் பெரியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்கள். "ஏன் தம்பி, உலகத்தில எத்தனை நோயாளி இருக்காங்க, எத்தனை அநாதைப் பிள்ளைங்க இருக்குது. கள்ள நோட்டு அடிச்சவன் வச்ச பூச்செடிக்கா நீங்க ரெண்டு பேரும் போய் முதுகொடியிறீங்க?" உங்களிலும் பலருக்கு இந்தக் கேள்வி இருக்கும். ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிற உங்கள் முன்னால் நின்று இதைத் தட்டிக்கழித்துப் போவது மரியாதை அல்ல.

பூச்செடியும் நோயாளியும் சமம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். பணம் ஒரு பக்கமாகத்தான் போகமுடியும் என்றால் அது நோயாளிக்குத்தான் போகவேண்டும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் போகிறது. தோட்டத்துக்கு நாங்கள் கொடுப்பது வாரத்தில் ஒரு காலை நேரம். அந்தக் கைதிகளால் தீங்கடைந்த குடும்பங்கள் உண்டு என்பதையும் மறக்கவில்லை. குற்றத்தை அலங்கரிப்பதற்காக யாரும் அங்கே செடி நடவில்லை. ஆனால் அந்தத் தீவுக்கு வருகிற ஜனங்கள் பூட்டையும் கம்பியையும் மட்டும் பார்த்துவிட்டு, இங்கே இருந்தவர்கள் இவ்வளவுதான் என்று எண்ணிப் போவது பொய்யான வரலாறு. அதே மனிதர்களில் சிலர் ஒரு கிழங்கைக் காற்றுக்கு மறைத்து நட்டார்கள் என்பதும் நடந்த காரியம். அதற்கு எழுத்தில் உள்ள சாட்சி கொஞ்சம். செடிதான் பெரிய சாட்சி. செடியைக் காகிதம் போல அலமாரியில் வைத்துப் பூட்டமுடியாது. யாராவது வந்துகொண்டே இருக்கவேண்டும்.

நாங்கள் முக்கியமாகச் சொல்லவந்தது இதுதான். மீட்கிற காலத்தில் ஆளுக்குக் குறைவில்லை. பத்திரிகைக்காரர் வருவார், போட்டோ எடுப்பார். நாற்பது வருஷத்துப் புதரை வெட்டி ஒரு படிக்கட்டு வெளியே தெரியும்போது உண்டாகிற சந்தோஷம் பெரியது. அதற்காக யாரும் விடியற்காலையில் எழுந்து வருவார்கள். படிக்கட்டு தெரிந்த பிறகு, அதன் இடுக்கில் வாரந்தோறும் முளைக்கிற புல்லைப் பிடுங்க வருகிறவர்கள் குறைவு. அங்கே பார்க்கப் புதிதாக ஒன்றும் இராது. போன வாரம் எப்படி இருந்ததோ அப்படியே இந்த வாரமும் இருந்தால், அதுவே அன்றைய பலன். அந்தத் தோட்டத்தை 1963இல் யாரும் அழிக்கவில்லை. வெட்டவில்லை, எரிக்கவில்லை. அடுத்த வாரம் வரவேண்டியவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நாற்பது வருஷம் என்பது அப்படிப்பட்ட ஏறக்குறைய இரண்டாயிரம் வாரங்கள்.

2020இல் கொரோனாக் காலத்தில் தீவுக்குப் போக்குவரத்து மாதக்கணக்கில் நின்றபோது எங்களுக்கு இதே நினைவுதான். எங்கள் வீட்டு ஜன்னலில் நின்றால் தீவு தெரியாது. தெரிந்தது போல நின்றுகொண்டிருப்போம். பிறகு 2025 மே மாதத்தில் அமெரிக்க அதிபர் அல்கட்ராஸை மறுபடியும் சிறையாக்கும்படி உத்தரவிட்டிருப்பதாக அறிவித்தார். அரசியல் பேச நாங்கள் இங்கே வரவில்லை. தொண்டர்களுக்குள்ளே அன்றைக்குப் பேச்சு வேறாக இருக்கமுடியுமா? அதிலும் இரண்டு பக்கம் பேசினவர்கள் இருந்தார்கள். பேசிக்கொண்டே எல்லாரும் குனிந்து வேலை செய்தார்கள். வசந்த மழை முடிந்த சமயம். களை முழங்கால் உயரம்.

எங்களுக்கும் வயதாகிறது. ஏற்றம் ஏற முடியாதவர்களைக் கன்று வளர்க்கிற இடத்தில் உட்காரவைத்து, குச்சி வெட்டித் தொட்டியில் நடுகிற வேலை கொடுக்கிறார்கள். எங்களில் ஒருவர் போன வருஷம் அந்த வேலைக்கு மாறியாயிற்று. மற்றவர் இன்னும் சரிவில்தான். எங்கள் இடத்துக்குக் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் வருகிறாள். வேரை முழுசாக எடுக்கிற பொறுமை அவளுக்கு இருக்கிறது. மண்ணைத் தட்டிவிட்டுப் போடவும் கற்றுக்கொண்டாள்.

உங்களில் அநேகருடைய பிள்ளைகள் அந்தப் பக்கம் வேலையாயிருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க வரும்போது அல்கட்ராஸுக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போவார்கள். படகுச் சீட்டு முன்னாலேயே தீர்ந்துவிடும், ஆகையால் சில வாரங்களுக்கு முன்பே வாங்கச் சொல்லுங்கள். கோடையிலும் காற்று குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். சிறை அறைகளைப் பார்த்து முடித்தவுடன் படகுக்கு ஓடிவராமல், கொஞ்சம் நடந்து தோட்டங்களையும் பாருங்கள். மேற்குச் சரிவுக்குப் போகிற வழி பறவைகளுக்காக அடைக்கப்பட்டிருந்தால் மேலே நின்றே பார்க்கலாம். அத்தி மரம் பெரியது, தவறவிடமாட்டீர்கள். பாத்தி ஓரத்தில் யாராவது முழங்காலிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தால் தமிழில் ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள்.